வெள்ளி ரதமும் கிட்டங்கிக் கணக்கும்: நம்ம முன்னோர் எதை நம்பிக் கடன் கொடுத்தார்கள்?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருக்கிறவங்க சேமித்து வைத்து, ராத்திரி சாப்பிட்ட பிறகு படிங்க. பாதியில் விட்டுடாதீங்க. கடைசிப் பகுதியில் நம்ம கோவில் விஷயம் ஒன்று இருக்கு.

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்குக்குப் போயிருந்தோம். பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பியது. வழி நெடுக சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைத்தார்கள். எங்களோடு வந்த ஞாயிறு வகுப்புத் தம்பி ஒருவன், பதினாறு வயசு, நடந்துகொண்டே கேட்டான்: "அண்ணே, செட்டியாருங்க வட்டிக்குக் கொடுத்து வாங்கினவங்கதானே? அவங்க கோவிலுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? கடன்காரங்களுக்கு எதுக்குச் சாமி?"

கூட வந்த பெரியவங்க சிரித்துவிட்டார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் எங்களிடம் இல்லை என்பதுதான் காரணம். வீட்டுக்கு வந்து படித்தோம், பெரியவர்களிடம் கேட்டோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஊர்க்கதை. இந்த வெள்ளி ரதம் 1894இல் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவில் அதற்கும் முன்னாலேயே, 1857இல் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1859இல். அந்தக் காலத்தில் செட்டியார்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தார்கள். எங்கே கடை போட்டார்களோ அங்கே ஒரு தண்டாயுதபாணியும் வந்துவிட்டார். பினாங்கு, சிங்கப்பூர், மூவார், தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர், அப்புறம் ரங்கூன், சைகோன். வரைபடத்தில் இந்தக் கோவில்களைப் புள்ளி வைத்து இணைத்தால் அந்தக் காலத்துப் பணம் போன பாதை அப்படியே தெரியும்.

தொழில் செய்ய வந்தவர்கள் ஏன் முதலில் கோவில் கட்டினார்கள்? பக்தி உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பக்தி மட்டும்தான் காரணம் என்றால் வீட்டில் ஒரு படம் மாட்டிக் கும்பிட்டிருக்கலாமே. கோவில் அவர்களுக்கு இன்னொரு வேலையும் செய்தது. அதைப் புரிந்துகொள்ள கிட்டங்கிக்குள் போகணும்.

கிட்டங்கி என்றால் ஒரு நீளமான கூடம். சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும், பினாங்கில் பினாங்கு ஸ்ட்ரீட்டிலும் இவை இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகள். கடை என்றால் நாற்காலி, மேசை, கண்ணாடிக் கதவு எல்லாம் கிடையாது. தரையில் ஒரு பாய், குட்டையான கணக்கு மேசை, சுவரோரம் ஒரு பெட்டகம். பத்தடி தள்ளி அடுத்த கடைக்காரர். சமையல் பொது, படுக்கையும் அதே கூடத்தில். ஒருவர் யாருக்குக் கடன் கொடுக்கிறார், எந்தத் தவுக்கே வந்து கெஞ்சுகிறார், யார் தவணை தவறினார் என்பதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் காதில் விழாமல் போகாது. போட்டிக்காரர்கள் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். ஒருவரை ஏமாற்றிவிட்டுப் போகும் கடன்காரர் அடுத்த பாய்க்குப் போய்ப் புதுக்கடன் கேட்க முடியாது. இன்றைக்கு வங்கிகள் கணினியில் பார்க்கிற கடன் வரலாற்றை அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசியே தெரிந்துகொண்டார்கள்.

கடையில் உட்கார்ந்திருந்தவர் பெரும்பாலும் முதலாளி இல்லை. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே இருந்தவர் முகவர். மூன்று வருஷக் கணக்கு. மனைவி, பிள்ளைகள் எல்லாம் ஊரில். சம்பளத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே குடும்பத்துக்குப் போய்விடும். மூன்று வருஷம் முடிந்து ஊருக்குத் திரும்பிக் கணக்கை ஒப்படைத்தால் லாபத்தில் பங்கு. அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பையன் பன்னிரண்டு, பதிமூன்று வயசில் வந்து, கணக்கு எழுதப் பழகி, ஒவ்வொரு படியாக ஏறி, ஒருநாள் தனியாகக் கடை வைப்பார்.

யோசித்துப் பாருங்க. கடல் தாண்டி ஆயிரம் மைலுக்கு மேலே. போன் இல்லை. கடிதம் போய்ச்சேரவே வாரக்கணக்காகும். கையில் முதலாளியின் பெரும்பணம். அந்த முகவர் ஏன் அதைச் சுருட்டிக்கொண்டு ஓடவில்லை?

நல்லவர் என்பதால் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். ஆனால் ஆயிரக்கணக்கான பேர் நூறு வருஷம் நடத்திய தொழிலை நல்ல குணம் ஒன்றை மட்டும் வைத்து நடத்த முடியாதுங்க. ஓடிப்போனால் அவர் எங்கே போவார்? நகரத்தார் சமூகத்துக்கு இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோவில்கள். கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் தன் கோவிலில் ஒரு புள்ளி. கல்யாணத்துக்கு அந்தக் கோவிலிலிருந்து மாலை வரணும். கணக்கில் கை வைத்தவர் வேலையை மட்டும் இழப்பதில்லை. பிள்ளைக்குப் பெண் பார்க்க முடியாது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை கிடைக்காது, சபையில் உட்கார முடியாது. அவருடைய ஊரும் உறவும் கோவிலும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. அந்தக் கயிறுதான் பிணை.

இப்போ கோவிலுக்கு வருவோம். ரங்கூனில் மொகல் தெருவில் செட்டியார் கோவில் இருந்தது. அங்கே ஒவ்வொரு தமிழ் மாசமும் 16ஆம் தேதி சாயங்காலம் கூடுவார்கள். சாமி கும்பிட்ட கையோடு, அந்த மாசத்துக்கு நடப்பு வட்டி என்ன என்று பேசி முடிவு செய்வார்கள். செட்டியாருக்குச் செட்டியார் கொடுக்கிற பணத்துக்கு அந்த மாசம் அதுதான் விகிதம். 1929-30இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையிலேயே இது பதிவாகியிருக்கு. இன்று மத்திய வங்கி கூட்டம் போட்டு வட்டி விகிதம் அறிவிக்கிறதே, கிட்டத்தட்ட அந்த வேலை. நடந்த இடம் சந்நிதி.

தகராறு வந்தால் பஞ்சாயத்தும் கோவிலில்தான். வழக்கு மன்றத்துக்குப் போனால் வருஷக்கணக்காகும், வக்கீல் செலவு, இங்கிலீஷ் பேப்பர். கோவிலில் இரண்டு பக்கக் கணக்கையும் விரித்து வைத்து, பேரேட்டைப் படித்தே முடிவு சொல்லிவிடுவார்கள். தீர்ப்பை நிறைவேற்றப் போலீஸ் வேண்டாம். மறுநாள் காலையில் அதே கோவிலில் எல்லாரும் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்.

அடுத்தது மகமை. தொழிலில் ஒரு சிறு பங்கைச் சாமிக்கு என்று ஒதுக்குவது. கணக்குப் புத்தகத்தில் சாமி பெயரிலும் பற்று வரவு இருக்கும். கோவில் பணம் சும்மா உண்டியலில் தூங்கவில்லை. கடைகளில் வட்டிக்குப் போட்டார்கள், வந்த வட்டியில் பூஜையும் அன்னதானமும் நடந்தது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ரட்னர் 1994இல் நகரத்தாரைப் பற்றி எழுதிய ஆய்வு நூலில் இந்தக் கோவில் பணத்தையும் கடைப் பணத்தையும் சேர்த்தே பார்க்கிறார். எந்தக் கடை தாராளமாக மகமை கொடுக்கிறதோ அந்தக் கடை உறுதியாக இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். அங்கே பணம் போடப் பயப்படமாட்டார்கள். தர்மம் செய்ததால் நம்பிக்கை, நம்பிக்கையால் தொழில், தொழிலால் மறுபடியும் தர்மம்.

ஆக, தம்பிக்கு எங்கள் பதிலின் முதல் பாதி இது: அவர்களுக்குக் கோவில் ஒன்று, கடை வேறொன்று இல்லை. சாமிக்கு முன்னால் பேசிய வாக்கு என்பதால் மட்டும் இல்லை, அந்த வாக்கைப் பத்துப் பேர் கேட்டார்கள், எழுதி வைத்தார்கள், மாசாமாசம் திரும்பப் பார்த்தார்கள் என்பதால் அது நின்றது.

இரண்டாவது பாதி கசப்பானது. அதையும் சொல்லாவிட்டால் பொய் சொன்னவர்களாவோம்.

இந்தக் கயிறு உள்ளே இருந்தவர்களைத்தான் காத்தது. வெளியே இருந்தவருக்கு அது கடன், அவ்வளவுதான். ரப்பர் போட்ட சின்னத் தோட்டக்காரர், கம்போங் விவசாயி, ஈயச் சுரங்கத் தவுக்கே, இவர்களுக்குச் சந்நிதியில் பேசிய நடப்பு வட்டி கிடையாது. அதற்கு மேலே எவ்வளவோ கூடுதலான வட்டி, நிலத்துக் கிராண்டு அடமானம். வெள்ளைக்கார வங்கிகள் இவர்களை வாசலில்கூட நிற்க விடவில்லை என்பதும் உண்மை. செட்டியார் கடை இல்லாவிட்டால் பல சின்னத் தோட்டங்கள் தொடங்கியே இருக்காது. ஆனால் விலை சரிந்தபோது என்ன ஆச்சு?

1930 வாக்கில் உலகப் பொருளாதாரம் படுத்தது. பர்மாவில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் அடமானத்தில் செட்டியார் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1937இல் 25 விழுக்காடு. அவர்களுக்கு நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும். நிலமாகக் கிடைத்தால் பணம் முடங்கிப் போச்சு என்று அர்த்தம். ஆனால் நிலத்தைப் பறிகொடுத்த பர்மிய விவசாயிக்கு அந்த வித்தியாசம் தெரிந்து என்ன பிரயோஜனம்? கோபம் வளர்ந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது பெரும்பாலோர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாச்சு.

மலாயாவிலும் அதே பயம் வந்தது. மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1913இல் வந்தது, 1933இல் அதை இறுக்கினார்கள். ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவரிடம் அடமானம் வைக்க முடியாது என்றானது. 1951இல் வட்டித்தொழில் சட்டம். உறவை வைத்து நடந்த தொழிலுக்கு வெளியே இருந்தும் வேலி தேவைப்பட்டது. செட்டியார்களில் சிலரே காலம் மாறுவதைப் புரிந்துகொண்டார்கள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன், அடுத்து பினாங்கு. கிட்டங்கி இருந்த பாதையிலேயே வங்கி வந்தது.

சரி, நம்மில் முக்கால்வாசிப் பேர் செட்டியார் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள். நம்ம தாத்தா பாட்டிக்கு எந்தக் கயிறு இருந்தது?

முதலில் கங்காணிக் கயிறு. கங்காணி நம்ம ஊர்க்காரர், சொந்தக்காரர்கூட. அவரை நம்பித்தான் கப்பல் ஏறினார்கள். கப்பல் காசு, முன்பணம் எல்லாம் கடனாக ஏறி, லயத்துக்கு வந்து சேரும்போதே கழுத்து வரை கடன். மாமா என்று கூப்பிட்ட வாய் எதிர்த்துப் பேசுமா? அங்கே உறவே விலங்காச்சு. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி வந்தது. தோட்ட முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து அதிலிருந்து கப்பல் செலவைக் கட்டினார்கள். ஆள் வந்து இறங்கும்போதே கடனாளி என்ற நிலை அதனால் குறைந்தது. அதே கங்காணி, அதே தோட்டம், ஆனால் யார் கப்பல் காசைக் கட்டுவது என்ற ஏற்பாடு மாறியதும் அந்த உறவின் கனம் மாறியது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்திவிட்டது.

இரண்டாவது, கூட்டு. நம்ம பாட்டிமார் பால் வெட்டிய காசில் கூட்டுப் பிடித்தார்கள். இருபது பேர் மாசம் ஒரு தொகை போட்டு, ஒவ்வொரு மாசமும் ஒருவர் எடுப்பது. பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை, பெண்ணுக்குத் தாலி, பழைய சைக்கிள், எல்லாம் கூட்டுப் பணத்தில் வந்ததுதான். ஒரே லயம், ஒரே தண்ணிக்குழாய், எடுத்தவர் கட்டாமல் எங்கே ஒளிய முடியும்? பிறகு தோட்டம் கலைந்து டவுனுக்கு வந்தோம். முகம் தெரியாதவர்களையும் சேர்த்துக் கூட்டுப் பிடித்தார்கள். மோசடிகள் பெருகின. மலேசியாவில் 1971இல் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம்ம தமிழ்ச் சொல் 'கூட்டு' இருக்கிறது. பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

மூன்றாவதுதான் எங்களுக்கு ரொம்பப் பிடித்த கதை. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் போச்சு, லயமும் போச்சு, தோட்டத்துக் கோவிலும் போச்சு. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆளுக்குப் பத்து வெள்ளி கேட்டுத் தோட்டம் தோட்டமாகப் போனார். தினக்கூலிக்கு அந்தக் காலத்தில் பத்து வெள்ளி சின்னக் காசு இல்லைங்க. ஆனாலும் கொடுத்தார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பால் வெட்டியவர் பங்குதாரரானார்.

ஏன் கொடுத்தார்கள்? நம்ம ஆள் கேட்கிறார் என்ற உறவு ஒரு பக்கம். ரசீது, பங்குப் புத்தகம், பதிவு செய்த சங்கம், வருஷக் கூட்டம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்ததால் அது வேலை செய்தது.

இப்போ நம்ம கோவில் விஷயம்.

போன வருஷம் எங்கள் தொண்டர்களில் இருபது பேர், மாசம் 200 ரிங்கிட் என்று ஒரு கூட்டுப் பிடித்தோம். சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிந்தும் "நம்ம ஆளுங்கதானே" என்று சேர்ந்தோம். அடுப்படியில் எல்லாருக்கும் முன்னால் வந்து, எல்லாருக்கும் பின்னால் போகும் ஓர் அக்காதான் கூட்டை நடத்தினார். ஒரு பேப்பர்கூட எழுதவில்லை. முன்னாலேயே எடுத்துவிட்ட சிலர் பத்தாவது மாசத்திலிருந்து கட்டத் தவறினார்கள். அக்கா தன் சேமிப்பிலிருந்து போட்டு ஈடுகட்டினார், யாரிடமும் சொல்லவில்லை. 14ஆவது மாசம் முடியவில்லை, நின்றுவிட்டது. எடுக்காத ஏழு பேருக்குத் தலா 2,600 ரிங்கிட் நிற்கிறது. சாட்சிக்கு ஏடு இல்லை, முறையிட இடம் இல்லை.

பணத்தைக்கூட விடுங்க. அந்த அக்கா இப்போ கோவிலுக்கு வருவதில்லை. ஏழு பேரில் மூன்று பேரும் வருவதில்லை. கட்டாமல் விட்டவர்கள் எங்களைப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் போகிறார்கள். சின்ன வயசிலிருந்து ஒன்றாகக் காவடி எடுத்தவர்கள். நாங்கள் இழந்தது அதைத்தான்.

கிட்டங்கிக் கதையைப் படித்தபோதுதான் எங்கள் தவறு எங்களுக்கே புரிந்தது. முன்னோரிடம் இருந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டோம், அதைத் தாங்கிய பேரேட்டையும் மாசக் கூட்டத்தையும் பஞ்சாயத்தையும் விட்டுவிட்டோம். ஒருவரிடம் கணக்குக் கேட்பது அவரைச் சந்தேகப்படுவது என்று நினைத்தோம். உண்மையில் கணக்குக் கேட்டிருந்தால் பத்தாவது மாசமே அக்காவின் சுமை தெரிந்திருக்கும். அவர் தனியாகத் தூக்கியிருக்க வேண்டியதில்லை.

அதனால் தொண்டர்கள் கூடி முடிவு செய்தது:

ஒன்று, இனிமேல் கோவில் வளாகத்திலும் கோவில் வாட்சப் குழுவிலும் கூட்டு, முதலீடு, "இரட்டிப்பாகும்" திட்டம் எதுவும் பேசக்கூடாது. யார் கொண்டுவந்தாலும் சரி.

இரண்டு, உண்டியலும் அன்னதானப் பணமும் மூன்று பேர் முன்னிலையில் எண்ணி, அன்றைக்கே எழுதி, மாசாமாசம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பக்தர்கள் நின்று படிக்கணும், கேள்வி கேட்கணும். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டோம்.

மூன்று, சேமிக்க விரும்புகிறவர்களுக்குப் பதிவு செய்த கூட்டுறவுச் சங்கத்தில் சேர்வது எப்படி என்று, விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துப் பேச வைப்போம்.

நான்கு, அந்தக் கூட்டில் எடுத்துவிட்டுக் கட்டாதவர்கள் மாசம் 50 ரிங்கிட்டாவது கட்டத் தொடங்கணும். ஏடு ஒன்று போட்டாச்சு. இரண்டு பேர் ஏற்கெனவே கட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். முருகனுக்கு நன்றி.

அக்கா, இதை நீங்க படிப்பீங்க என்று தெரியும். உங்க மேல் யாருக்கும் கோபம் இல்லை. தப்பு இருபது பேரோடதும்தான். வெள்ளிக்கிழமை சாம்பார் வாரா வாரம் உப்புக் கூடுது, இல்லாட்டி குறையுது. உங்க கரண்டி அதே ஆணியில்தான் தொங்குது. வாங்க.

தம்பிக்கும் பதில் சொல்லியாச்சு என்று நினைக்கிறோம். அடுத்த தைப்பூசத்துக்கு ரதத்தின் பின்னால் நடக்கும்போது இன்னும் கேள்வி இருந்தால் கேளுப்பா.

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு அன்னதானத்தில் கை கொடுக்க வருகிறவர்கள் காலை ஐந்து மணிக்குச் சமையல்கட்டுக்கு வந்துவிடுங்க. காய் நறுக்க ஆள் வேணும். உங்க தாத்தா பாட்டி சொன்ன கிட்டங்கிக் கதை, கூட்டுக் கதை, பத்து வெள்ளிக் கதை ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்க. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.